மொரிஸ் மைனர்: ஏ9 நேர்ச்சாலையில் மட்டும் வரும் மிஸ்ஸிங்

மைனர்காரன், கிளிநொச்சி
2024 ஓகஸ்ட் 18

மாமாவின் மொரிஸ் மைனர் 1000 கார் இப்போது என் கையில் இருக்கிறது. 1098 சிசி எஞ்சின். வீட்டு வாசலில் நிறுத்தி ஓடவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏ9 வீதியில் வவுனியாப் பக்கம் திருப்பினால்தான் தொல்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்திப் புறப்பட்ட பிறகு, கொக்காவில், மாங்குளம் நேர்ச்சாலையில் மிஸ்ஸிங், அதாவது எஞ்சின் இடையிடையே தடுமாறுவது, தொடங்குகிறது. கொஞ்சத் தூரம் இருமிக்கொண்டு போகும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். திரும்பவும் வரும். கராஜில் காட்டும்போது வரவே வராது.

பிளக் நான்கும் புதிது. தீப்பொறிக்கு வோல்ற்றைக் கூட்டும் கொயில் புதிது. கொன்டென்சர் புதிது. பிளக்குகளுக்கு மின்னைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரின் மூடி புதிது. ஒருவர் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் என்கிறார், இன்னொருவர் வால்வு என்கிறார். மூன்றாமவர் இந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றை இறக்கச் சொல்கிறார். எனக்கும் அதுவே சரி என்று படத் தொடங்கிவிட்டது. யாராவது செய்து பார்த்தீர்களா?

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 ஓகஸ்ட் 18, இரவு

எஞ்சினில் கைவைக்காதே தம்பி.

நான்கு சாமானை ஒன்றாக மாற்றியிருக்கிறாய். இனி எது பழைய குற்றம், எது கடையிலிருந்து புதிதாக வாங்கி வந்த குற்றம் என்று பிரிப்பதே ஒரு வேலை. கழற்றியவற்றை வீசிவிட்டாயா, வைத்திருக்கிறாயா?

மற்றக் கேள்வி. மிஸ்ஸிங் வரும்போது சட்டென்று வெட்டுகிறதா, இழுவை மெல்லமெல்லக் குறைகிறதா? மின்சாரக் குற்றம் பெரும்பாலும் சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல வரும். பெற்றோல் வராத குற்றம் சோர்ந்து சோர்ந்து வரும். சைலன்சரில் வெடி கேட்டால் ஒரு பக்கம் யோசிக்கலாம், காபரேற்றர் துப்பினால் வேறு பக்கம் யோசிக்கலாம். இதைக் கேட்காமல் சாமான் விற்றவனிடம் இனிப் போகாதே.

ஓட்டோ, மாங்குளம்
2024 ஓகஸ்ட் 19

முறிகண்டியில் கச்சான் மட்டும் வாங்கினீர்களா, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

பகிடி ஒருபுறம் இருக்கட்டும். கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குக் கிட்டப் போகும்போது என் வண்டியிலும் ரேடியோ இரைகிறது. அந்த அலை கொயிலைக் குழப்பாது என்று யார் சொல்வது?

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 ஓகஸ்ட் 19

நான் சொல்கிறேன். பொயின்ற்றும் (டிஸ்ரிபியூற்றருக்குள் மின்னை விட்டுவிட்டு வெட்டும் தொடுமுனை) கொயிலும் வைத்து ஓடும் எஞ்சினுக்குக் கோபுரமும் தெரியாது, அலையும் தெரியாது. உன் ரேடியோவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளையாருக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடுகிற காருக்குக் காற்று வேண்டிய மட்டும் உண்டு. ரேடியேற்றரும் காற்றாடியும் சேர்ந்து எஞ்சினைச் சமாளிக்கும். முறிகண்டியில் நிறுத்திச் சாவியைத் திருகியதும் காற்று நின்றுவிடுகிறது, தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுகிறது. எஞ்சின் இரும்பில் இருக்கும் சூடு முழுவதும் பொனற்றுக்குள் ஏறும். நீ கும்பிட்டுக் கச்சான் வாங்கித் திரும்பும் நேரத்தில்தான் கொயிலும் பெற்றோல் பம்பும் காபரேற்றரும் ஓடும்போது இருந்ததைவிடக் கூடச் சூடாகியிருக்கும். ஓகஸ்ட் வெயிலில் சொல்லவே வேண்டாம். சூட்டுக்குப் பயந்த சாமான் எது இருந்தாலும் அந்த இடத்தில் காட்டிக்கொடுக்கும்.

கொயிலைப் பார்க்க வேண்டும். மல்ரிமீற்றர் இருக்கிறதா?

மைனர்காரன், கிளிநொச்சி
2024 ஓகஸ்ட் 21

கழற்றிய சாமான் எல்லாம் பிஸ்கற் பெட்டி ஒன்றில் இருக்கிறது அண்ணை. மல்ரிமீற்றர் ஒன்றை இரவல் வாங்கினேன். வெட்டுவது சட்டென்றுதான். சைலன்சரில் சில வேளை ‘டப்’ என்று ஒரு சத்தம். காபரேற்றர் துப்பவில்லை.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 ஓகஸ்ட் 21

முதலில் மீற்றரின் இரண்டு கம்பி முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார். 0.3 ஓம் என்றோ 0.4 ஓம் என்றோ காட்டினால், அது கம்பியின் சொந்தத் தடை. அதைக் கழித்துவிடு. பிறகு கொயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கும் இடையில் அள. வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். பழைய கொயில், புதிய கொயில் இரண்டையும் அளந்து சொல்.

இன்னொன்று. உன் கார் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் ‘+’ முனைதான் உடலில் பிடிக்கப்பட்டிருக்கும். யாராவது இடையில் மாற்றியிருந்தால் தவிர. புதுக் கொயிலில் ‘+’, ‘−’ என்று குறி இருக்கும். இந்தக் காரில் டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வயர் ‘+’ முனையில் இருக்க வேண்டும். இப்போதைய கார் பழகிய கை எதிர்மாறாகப் பூட்டிவிடும். பூட்டினாலும் ஓடும், அதுதான் ஏமாற்று. தீப்பொறி மட்டும் நலிந்திருக்கும்.

மைனர்காரன், கிளிநொச்சி
2024 ஓகஸ்ட் 23

பழையது 3.1 ஓம். புதியது 1.6 ஓம். கம்பித் தடை கழித்த கணக்கு. வயர் எதிர்மாறாகத்தான் இருந்தது.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 ஓகஸ்ட் 23

ஒன்று அகப்பட்டது. 3 ஓம் கொயில்தான் உன் காருக்கு உரியது. 1.5 ஓம் கொயில் இன்னொரு தடைக்கம்பியோடு சேர்ந்து வேலை செய்யும் கார்களுக்கு. 12 வோல்ற்றை 3 ஆல் வகு: 4 அம்பியர். 1.5 ஆல் வகு: 8 அம்பியர். இரண்டு மடங்கு மின் அந்தச் சிறு பொயின்ற் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. கொயில் கொதிக்கும், பொயின்ற் முகம் கருகும். கடைக்காரன் ‘12 வோல்ற்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் காட்டியிருப்பான். இரண்டு வகைப் பெட்டியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

பழைய கொயிலைப் பூட்டு. பொயின்ற் முகத்தைப் பார், கருகியிருந்தால் மாற்று. இடைவெளி 15 தவு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு; மில்லிமீற்றரில் 0.38 வரும். பிளக் இடைவெளி 25 தவு. பிறகு ஓடிப் பார்த்துவிட்டு எழுது. அதுவரை வேறு ஒன்றிலும் கைவைக்காதே.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 ஓகஸ்ட் 24

தம்பி ஓடிப் பார்க்கும்வரை ஒரு பழங்கதை.

1990 இல் சண்டை மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் இங்கே பெற்றோல் என்பது மருந்துபோல. ஒஸ்ரின் ஏ40, மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தல் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகையின் மணத்திலேயே யாருடைய கார் போகிறது என்று சொல்லிவிடலாம். அந்தப் பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. ஏ40 இல் 7.2 க்கு 1. இப்போதைய எஞ்சினுக்கு அதைக் கொடுத்தால் தாங்காது.

அந்தக் காலத்தில் மிஸ்ஸிங் இல்லாத கார் இல்லை. ஆகவே எந்த மிஸ்ஸிங் மண்ணெண்ணெயால் வந்தது, எது வேறு குற்றத்தால் வந்தது என்று காதாலேயே பிரிக்கப் பழகினோம். மண்ணெண்ணெயால் பிளக்கில் கரி பிடித்தால் அந்தச் சிலிண்டர் செத்தது செத்ததுதான், கழற்றித் துடைக்கும்வரை திரும்பி வராது. வந்து போகிற மிஸ்ஸிங் என்றால் எங்கோ ஒன்று தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தம்பியின் கதையில் எனக்கு உறுத்துவது அதுதான். கொயில் சூட்டால் வருகிற குற்றம் சூடு ஆறும்வரை நிற்க வேண்டும். இவர் சொல்வதோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே போகிறது.

ஓட்டோ, மாங்குளம்
2024 ஓகஸ்ட் 24

2022 இல் எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது, பழையபடி மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்று எங்கள் ஐயா சொன்னார். வரிசையில் போய்ப் பார்த்தால் மண்ணெண்ணெயும் இல்லை.

மைனர்காரன், கிளிநொச்சி
2024 செப்டெம்பர் 1

பழைய கொயில் போட்டு, புதுப் பொயின்ற் போட்டு வவுனியா போய் வந்தேன். முறிகண்டியிலிருந்து புறப்படும்போது இருந்த தடுமாற்றம் போய்விட்டது. ஆனால் நேர்ச்சாலை மிஸ்ஸிங் அப்படியே இருக்கிறது. மணிக்கு 40 மைல் அளவில் சீராகப் போகும்போது வருகிறது.

ஓட்டோவின் ஐயா சொன்ன மண்ணெண்ணெய்க் கதையைப் படித்ததும் ஞாபகம் வந்தது. 2022 இல் மாமா கன்களில் பெற்றோல் சேர்த்து வைத்திருந்தார். அதில் தண்ணீர் கலந்திருக்குமா?

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 செப்டெம்பர் 1

இருக்கலாம். பார்ப்பது சுலபம். காபரேற்றரின் பக்கத்தில் இருக்கும் மிதவைக் கிண்ணத்து மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை உறிஞ்சி ஒரு கண்ணாடிப் போத்தலில் விடு. தண்ணீர் இருந்தால் அடியில் மணிமணியாக உருளும். செந்நிறத் தூள் இருந்தால் தாங்கி துருப்பிடிக்கிறது.

மிஸ்ஸிங் வரும்போது பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்தும் பார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. மைனரின் மின்பம்பு ‘டிக், டிக்’ என்று அடிப்பது கேட்கும். நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது எப்போதாவது ஒருமுறை அடிக்க வேண்டும். விடாமல் படபடவென்று அடித்தால் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள்.

ஆனால் நான் இதில் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. பெற்றோல் குற்றம் என்றால் நீ வேகமாகப் போகும்போதுதான் கூட வர வேண்டும். 40 மைலில் சும்மா போகும்போது வருவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை. ஒன்றைக் கேட்க வேண்டும்: மிஸ்ஸிங் வரும் அந்தக் கணத்தில் அக்சிலேற்றரை அடிவரை மிதித்தால் என்ன நடக்கிறது?

மைனர்காரன், கிளிநொச்சி
2024 செப்டெம்பர் 8

போத்தலில் தண்ணீர் இல்லை. மூடியில் ‘உஸ்’ இல்லை. பம்பு ஒழுங்காக அடிக்கிறது.

அடிவரை மிதித்தால் மிஸ்ஸிங் நின்று கார் பாய்கிறது. காலைத் தளர்த்திச் சீராகப் பிடித்தால் மறுபடி வருகிறது. பயத்தில் நான் இதுவரை மிதித்துப் பார்க்கவில்லை. மிதித்தால் எஞ்சின் உடையும் என்று ஒருவர் சொல்லியிருந்தார்.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 செப்டெம்பர் 8

இதைத்தான் தேடினேன்.

பிளக் பழுது, கொயில் நலிவு, பெற்றோல் குறைவு, எல்லாமே மிதிக்கும்போது கூடும். சுமை ஏறினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும், தீப்பொறி பாய்வது கடினமாகும், பெற்றோலும் கூட வேண்டும். மிதிக்கும்போது குணமாகும் மிஸ்ஸிங் வேறு சாதி. எனக்குத் தெரிந்து அதற்கு இரண்டு இடம்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தில் வட்டமாக ஒரு தகரப் பெட்டி ஒட்டியிருக்கிறதே, அதிலிருந்து காபரேற்றருக்கு வக்கியூம் குழாய் என்ற மெல்லிய குழாய் ஒன்று போகும். அரைகுறையாக மிதித்துச் சீராக ஓடும்போது காபரேற்றரின் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியாக இழுக்கும். அந்த இழுப்பில் பொயின்ற் பூட்டியிருக்கும் தட்டு சற்றே சுழலும், தீப்பொறி முந்தி விழும். பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. நின்ற நிலையில் உறிஞ்சல் அந்தத் துளைக்கு எட்டாது, தட்டு அசையாது. அடிவரை மிதித்தால் உறிஞ்சல் விழுந்துவிடும், தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும்.

ஆக, அந்தத் தட்டு அசையும் நேரத்தில் மட்டும் உன் கார் மிஸ் ஆகிறது. தட்டோடு சேர்ந்து அசைபவை இரண்டு: பொயின்ற்றிலிருந்து வெளி முனைக்கு வரும் குட்டி வயர், தட்டிலிருந்து உடலுக்குப் போகும் ஏர்த் வயர். அறுபது வருடமாக அவை மடங்கி நிமிர்ந்துகொண்டிருக்கின்றன. கராஜில் நின்று ஓடும் காரில் இது வரவே வராது என்பதற்கும் இதுதான் விடை.

சோதனை: குழாயைக் கழற்று. காபரேற்றர்ப் பக்கத் துளையை இறுக்கமாக அடை. அப்படியே மாங்குளம்வரை போய் வா. ஒரு சேதமும் வராது, பெற்றோல் மட்டும் கொஞ்சம் கூடச் செலவாகும்.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 செப்டெம்பர் 9

இரவு படுத்த பிறகு யோசித்தேன். இரண்டாவது இடத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிச் சோதனைதான். கலவையில் காற்று மிஞ்சினாலும் சீரான ஓட்டத்தில் மிஸ்ஸிங் வரும். குழாயைக் கழற்றும் முன், மிஸ்ஸிங் வரும்போது, கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக் குமிழைச் சற்றே, விரல் அகலம்கூட வேண்டாம், இழுத்துப் பார். அதில் குணமானால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும், வயரை அல்ல. சோக்கில் மாற்றம் இல்லாமல் குழாய் கழற்றியதில் குணமானால் டிஸ்ரிபியூற்றரைத் திற.

மைனர்காரன், கிளிநொச்சி
2024 செப்டெம்பர் 15

சோக் இழுத்தேன், மாற்றம் இல்லை. குழாயைக் கழற்றி அடைத்துக்கொண்டு போனேன். மாங்குளம்வரை ஒரு இருமல் இல்லை. புளியங்குளம்வரை போனேன், இல்லை. திரும்பும்போது குழாயை மறுபடி பூட்டினேன், கனகராயன்குளம் தாண்டுமுன் வந்துவிட்டது.

வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தக் குட்டி வயர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலுறையில் ஒரு வெடிப்பும் இல்லை.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 செப்டெம்பர் 15

கண்ணை நம்பாதே. இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழு.

மைனர்காரன், கிளிநொச்சி
2024 செப்டெம்பர் 15

நீள்கிறது! நடுவில் மேலுறை மட்டும் மெலிந்து இழுபடுகிறது. விட்டால் சுருங்குகிறது. பிளேட்டால் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு இழைகள் அறுந்து, நுனி பச்சை பிடித்து, பொடியாகக் கையில் கொட்டின. ஒரு சில இழைகள் எதிரும் புதிருமாக ஒட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு நாளும் கார் ஓடியது அந்தத் தொடுகையில்தான்.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 செப்டெம்பர் 16

ஏர்த் வயரையும் சேர்த்து மாற்று. அதுவும் அதே வயது.

வீட்டு மின்வயரைப் போட்டுவிடாதே. தடித்த கம்பி தட்டை அசைய விடாது, சில மாதத்தில் அறுந்தும் போகும். முடிபோல மெல்லிய இழைகள் நிறைந்த மென்வயர் வேண்டும். மல்ரிமீற்றரின் கம்பி இருக்கிறதே, பழுதான மீற்றர் ஒன்றிலிருந்து அதை வெட்டியெடு. சிலிக்கன் உறை உள்ளதாகப் பார்த்து எடு, அது சூட்டையும் தாங்கும், பலமுறை மடித்தாலும் சோராது. (இரவல் வாங்கிய மீற்றரில் கைவைக்காதே.) ஏர்த்துக்கு, ரேடியோ திருத்துபவர்கள் ஈயம் உறிஞ்ச வைத்திருக்கும் செம்புப் பின்னல் நாடா போதும்.

ஈயம் வைக்கும்போது கொஞ்சமாக வை. ஈயம் இழைகளுக்குள் ஏறிக் கெட்டியான இடத்தில்தான் அடுத்த முறிவு வரும். வயரைச் சற்று வளைவாக விட்டு, வாயால் வக்கியூம் குழாயை உறிஞ்சி, தட்டு அசையும்போது வயர் எதிலும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு மூடு.

ஓட்டோ, மாங்குளம்
2024 செப்டெம்பர் 17

ஆக, புதுக் கொயில், புதுக் கொன்டென்சர், புது மூடி, ஜப்பான் எஞ்சின் பேச்சு, எல்லாம் ஒரு சாண்கூட இல்லாத வயருக்காகவா? கோபுரத்தை நான் வாபஸ் வாங்குகிறேன்.

மைனர்காரன், கிளிநொச்சி
2024 செப்டெம்பர் 29

இரண்டு வயரும் மாற்றி வவுனியா போய் வந்தேன். போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை.

மைனர்காரன், கிளிநொச்சி
2024 நவம்பர் 10

அண்ணை, மழை தொடங்கியதும் வேறு ஒன்று. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மூன்று சிலிண்டரில் ஓடுகிறது. வெயில் ஏறினால் சரியாகிறது. தறப்பாள் போர்த்தித்தான் நிறுத்துகிறேன். புது மூடியில் வெடிப்போ?

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 நவம்பர் 10

தறப்பாளை முதலில் எடு. மழையைத் தடுக்கும், நிலத்து ஈரத்தைப் பொனற்றுக்குள்ளேயே பூட்டியும் வைக்கும்.

மூடியில் வெடிப்பு இருக்கலாம். ஊகிப்பதைவிடப் பார்த்துவிடலாம். விடியுமுன், இருட்டோடு இருட்டாக, பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிடு. ரோர்ச் வேண்டாம். மின் கசியும் இடத்தில் நீலக் கோடு ஓடும். கை வைக்காதே. சாரத்தோடு நின்று குனியாதே, காற்றாடிப் பட்டியில் அகப்பட்டால் சாரம் மட்டும் போகாது. களிசான் போட்டுக்கொண்டு போ.

மைனர்காரன், கிளிநொச்சி
2024 நவம்பர் 12

மூடியில் ஒன்றும் இல்லை. மூன்றாம் பிளக்குக்குப் போகும் வயர் எஞ்சினில் படும் இடத்தில் நீலப் பொறி, ‘டிக் டிக்’ என்று சத்தத்தோடு. விடிந்த பிறகு பார்த்தால் அந்த இடத்தில் பல்லடையாளம். எலி. பற்றரித் தட்டுக்குக் கீழே வைக்கோலும் பொலித்தீனும் சேர்த்துக் கூடே கட்டியிருக்கிறது.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 நவம்பர் 12

வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும். உன் பொனற்றுக்குள் சூடும் உண்டு, கூரையும் உண்டு. வயரை மாற்று, செம்பு உள்ளோடும் பழைய வகையே போதும். நாடா சுற்றி ஒட்டாதே, உயர் வோல்ற் நாடாவைத் தாண்டிப் பாயும். கூட்டையும் எடுத்துவிடு, அது எரியக்கூடியது.

ஓட்டோ, மாங்குளம்
2024 நவம்பர் 13

பூச்சி உருண்டை போடுங்கள். என் வண்டியில் போட்டேன், எலி வரவில்லை. சவாரிக்காரரும் வரவில்லை.

பழைய கராஜ், புதுக்குடியிருப்பு
2024 நவம்பர் 13

கொட்டகைக்குள் நிறுத்தி, இரவில் பொனற்றைத் திறந்து வை. மூடிய இருட்டு இல்லாவிட்டால் எலிக்கு அங்கே கூடு கட்ட மனம் வராது. திறந்து வைத்தால் பூனை வந்து பற்றரிமேல் படுக்கும், அது எலிக்கும் மருந்து. ஆனால் காலையில் சாவியைத் திருகுமுன் ஹோர்னை ஒருமுறை அடி, பூனை இறங்கிப் போகட்டும்.